பொருத்தனை மாடும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும்

கால்நடை ஆய்வாளராகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசியை எங்கே குத்துவது, ஜுரமானியை எவ்வளவு நேரம் வைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் பள்ளிப் படிப்புக்கு மேல் அந்தப் பயிற்சி ஒன்றுதான். நோய்களின் ஆங்கிலப் பெயர்கள் இன்றைக்கும் என் நாக்கில் நிற்பதில்லை. ஆனாலும் கர்த்தருடைய கிருபையால் இரணியல், நெய்யூர் பக்கத்திலேயே முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றேன்.

மெமோ வாங்கவில்லை என்று எழுதும்போது கை சற்று நிற்கிறது. மெமோ வராத தவறு ஒன்று என்னிடம் உண்டு. மேலதிகாரிகள் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது மாடு வளர்த்த ஓர் அக்கா. அதைத்தான் எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் மாடுகளுக்கு ஒரு நோய் வந்ததைப் படித்திருப்பீர்கள். எங்கள் பக்கம் கிறுக்கு மாட்டு நோய் என்றுதான் பேச்சு. செத்த மாடுகளின் எலும்பையும் மாமிசத்தையும் பொடித்து, அதையே உயிருள்ள மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுத்ததில் வந்தது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. வருடங்கள் கழித்து மாடு மிரளும், பின்னங்கால் தள்ளாடும், விழும். அந்த மாட்டை, முக்கியமாக அதன் மூளையையும் தண்டுவடத்தையும், தின்ற மனிதனுக்கும் வரலாம். அவித்தாலும் பொரித்தாலும் அந்த விஷம் போகாது. நம் நாட்டில் இதுவரை கண்டதாகப் பதிவில்லை. ஆகவே இது நாம் பார்த்திராத நோய். பார்த்திராத நோயைத் தடுப்பது நம் வேலையில் பாதி. இல்லாத ஒன்றுக்காக இருக்கிற மனிதர்களிடம் சண்டை போடுவது எப்படி என்பது எந்தப் பயிற்சியிலும் கிடையாது.

என்னை வேலைக்குப் பழக்கிய டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. மாட்டைப் பார்க்கப் போகிற வீட்டில் அவர் முதலில் மாட்டைப் பார்க்க மாட்டார். நேரே தீவனத் தொட்டிக்குப் போய்க் கையை விடுவார். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பசு நுரை தள்ளி விழுந்து கிடந்தது. பாம்புதான் கடித்திருக்கிறது என்று நான் நாலு காலையும் புரட்டிப் பல் பட்ட இடம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தொட்டிக்குள்ளிருந்து ஒரு பிடி பச்சை மரச்சீனித் தொலியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பாம்பு இஞ்ச கெடக்கு, பாரும்,” என்றார்.

பச்சை மரவள்ளித் தோல் மாட்டுக்கு விஷம். ஊசி போட்டார், பசு பிழைத்தது. அன்று முதல் நானும் தொட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். “சாருக்கு மாட்டக் காட்டிலும் கழனித்தண்ணியாக்கும் பிடிக்கும்” என்று ஊரில் பேச்சு உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் வருடந்தோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். சனிக்கிழமை காணிக்கைப் பொருட்களின் ஏலம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அசனம். அசனம் என்றால் சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. வெளிமாவட்டப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எங்கள் அசனத்தில் மாட்டிறைச்சிக் குழம்புதான் பெரிய விசேஷம். மாட்டின் மூளை மட்டும் குழம்பில் சேராது. அதைத் தனியாக மிளகு போட்டு வறுத்துக் கமிட்டி செக்ரட்டரிக்குக் கொடுப்பது எழுதாத சட்டம். அப்போது செக்ரட்டரியாக இருந்த ராஜமணி, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூளைக்காகத்தான் இரண்டு தடவை தேர்தலில் நின்றார் என்று சொல்வார்கள். நானும் கமிட்டியில் இருந்தேன். எனக்கு எதுவும் தனியாகக் கிடையாது.

அந்த வருடம் தங்கநேசம் அக்கா தன் மாட்டை அசனத்துக்குக் கொடுத்தார். கணவர் இல்லாதவர். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வாழை, ஒரு மாடு, கட்டிக்கொடுத்த ஒரு மகள். அந்த மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயா பிள்ளையா என்று ஆகிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணினார். இரண்டு உயிரும் பிழைத்தால், என் மாட்டை ஏலத்தில் விடாமல் அசனத்துக்கே தருவேன், சபை முழுக்க அதைச் சாப்பிட வேண்டும் என்று. இரண்டு உயிரும் பிழைத்தன. மாடோ வயதாகி, பாலும் கன்றும் நின்றுபோன மாடு. காகிதப்படி அறுப்பதற்குத் தடையில்லை.

சனிக்கிழமை காலையில் மாட்டைக் குளிப்பாட்டி, கழுத்தில் மாலை போட்டு, பேண்டு வாசித்துக் கூட்டி வந்தார்கள். சபைக் கோயிலுக்குப் பின்னால் அடுப்புகள் கூட்டியாகிவிட்டது. இறைச்சி வெட்டும் செல்வதாஸ் கத்திகளைத் தீட்டி வரிசையாக வைத்திருந்தான். எங்கள் கால்நடை டாக்டரம்மா சுசீந்திரம் பக்கம் தடுப்பூசி முகாமில் இருந்தார். போனில், “மூணு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் நீங்க நடக்க வச்சுப் பாருங்க சார்,” என்றார்.

நடக்க வைக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. கோயில் வாசலில் இரண்டே படி. அங்கே வருவதற்கு முன்பே மாடு பின்னங்காலை உயரத் தூக்கி வைத்தது. வழியில் இல்லாத எதையோ தாண்டுகிற மாதிரி. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. விழுந்தது. எழுந்தது. பேண்டுக்காரன் மேளத்தில் ஒரு அடி அடித்தான், மாடு துள்ளி மறுபடி விழுந்தது. பேண்டுச் சத்தத்துக்கு நானும்தான் மிரளுவேன். ஆகவே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாசிப்பை நிறுத்தச் சொல்லி, அமைதியான பிறகு நெற்றியில் மெல்லத் தொட்டேன். நெருப்புப் பட்டது போல் தலையை வெட்டிக்கொண்டு மூன்றாவது தடவை விழுந்தது.

சபையார் சுற்றி நின்றார்கள். தங்கநேசம் அக்கா மாலையைச் சரிசெய்தார்.

ராஜமணி என்னைத் தனியே அழைத்தார்.

“வேய், கெழட்டு மாடு. நீரும் நானுந்தான் இந்தப் படியேறும்போ ரெண்டு மட்டம் நிக்கோம். அதுக்காச்சுட்டி நம்மளுக்கு நோயின்னு அர்த்தமா?”

“நம்மள யாரும் நாளைக்குக் கொழம்பு வைக்கப் போறதில்ல வேய்.”

“அப்பம் என்ன செய்யணும்ங்குதீரு?”

“கொஞ்சம் பொறும்.”

செல்வதாஸ் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு வந்தான். “சாரே, கண்ணு தெளிவாத்தான் இருக்கு. வெயிலு ஏறதுக்கு முன்ன ஒரு வாக்குச் சொல்லிருங்கோ. ஆகாதுன்னா ஆகாது. கத்திய எடுத்து வச்சிருவேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாக்கும்.”

அவனுக்கு ஒன்றுதான். எனக்குத்தான் இரண்டாக இருந்தது. தானாக நடக்க முடியாத மாட்டை உணவுக்கு அறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்த மாடு விழுந்தாலும் எழுந்து நிற்கிறதே. காலையிலிருந்து பட்டினியாக நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்களே. நெருக்கடியில் மனது இப்படித்தான், வேண்டிய பக்கத்துக்குச் சாட்சி தேடும். நான் பழைய டாக்டரை நினைத்துக்கொண்டு, தங்கநேசம் அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுத் தொழுவத்துக்குப் போனேன். தொட்டியில் கையை விட்டேன். தவிடு. புண்ணாக்கு. அடியில் வெள்ளையாக நரநர என்று ஏதோ விரலில் பட்டது.

“இது என்னதுக்கா?”

“தூளு.”

“என்ன தூளு?”

வீட்டுக்குள் போய்ச் சாக்கோடு இழுத்து வந்தார். எலும்புத் தூள். சாக்கின்மேல் வாழைக்குலை படம் போட்டிருந்தது. உரக்கடையில் வாங்கியது.

“இது வாழைக்குப் போடுகதுல்லா?”

“வாழைக்கும் போடுவேன், இவளுக்கும் வைப்பேன். ஒரு கைப்பிடி. இப்பம் காலு பெலமில்லன்னு கண்டப்பம் ரெண்டு கைப்பிடி ஆக்கினேன்.”

“இத மாட்டுக்கு வைக்கச் சொல்லி ஆரு சொன்னா?”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நீங்கதாம் சாரே சொன்னிய.”

“நானா?”

“பெண்கள் ஐக்கியத்துல வந்து பேசினியள்லா. கறவ மாட்டுக்கு எலும்பு தேயும், தெனமும் தவிட்டுல ஒரு கைப்பிடி எலும்புத் தூளு கலந்து குடுங்கோன்னு. கைப்பிடின்னா எவ்வளவுன்னு நான்தான் கேட்டேன். நீங்க இப்பிடி மடக்கிக் காட்டினிய.” கையை மடக்கிக் காட்டினார். “அண்ணையிலேருந்து ஒரு நாளும் முடக்கினதில்ல.”

சொன்னது வாஸ்தவம். வேலைக்கு வந்த காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் போன இடமெல்லாம் சொன்னேன். பிறகு சுற்றறிக்கை வந்தது. மாட்டுக்கு மாட்டெலும்போ மாமிசத் தூளோ எந்த வகையிலும் கொடுக்கக் கூடாது என்று. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். என் எல்லையில் இருந்த தீவனக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி, நோட்டீஸ் ஒட்டி, கடைக்காரர்களிடம் கடுமையாகப் பேசி, வீட்டுக்கு வந்து சாயா குடித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். கோயிலில் நடந்த பெண்கள் ஐக்கியக் கூட்டம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அக்கா தீவனக் கடைக்குப் போகிறவரும் இல்லை. தூளை வாங்கியது உரக்கடையில். அந்தக் கடையில் நான் நோட்டீஸ் ஒட்டவில்லை, வாழைக்குக் கிறுக்கு மாட்டு நோய் வராது என்பதால்.

பிள்ளைகளே, அந்தத் தொழுவத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். கிழட்டு மாடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் அதைத்தான் கேட்கத் தயாராக நின்றார்கள். மாடு குழம்பில் வெந்தால் என் தவறும் அதோடு வெந்துவிடும். ஆகாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சாக்கைக் காட்ட வேண்டும். சாக்கைக் காட்டினால் கையை மடக்கிக் காட்டியவனையும் காட்ட வேண்டும். இன்னொன்றும் நினைத்தேன். இந்த மாட்டுக்கு அந்த நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நாளை பந்தியில் உட்காரப் போகிறவர்கள் ஊர் முழுக்க. குழந்தை பெற்று எழுந்த அந்த மகளும் அதில் இருப்பாள்.

அங்கேயே நின்று ஜெபித்தேன். நீளமான ஜெபம் இல்லை. ஆண்டவரே, நான் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும்.

திரும்பி வந்து, “இந்த மாட்ட அறுக்கப்பிடாது,” என்றேன்.

ராஜமணிக்கு முகம் சிவந்தது. “ஒரு விதவையோட பொருத்தனைய நீரு தடுக்குதீரு. நல்லா யோசிச்சுத்தான் பேசுதீரா வேய்?”

பழுதுள்ள மிருகத்தைக் காணிக்கையாகக் கொண்டுவருவதைப் பற்றிய வசனம் என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் வாய் அடைத்திருக்கும். ஆனால் தங்கநேசம் அக்கா கொடுத்தது கர்த்தருக்கு ஆகாதது என்று சபை நடுவில் சொன்னதாகவும் ஆகியிருக்கும். இறைச்சிக்கு முத்திரை போடுகிற கைக்கு வசனம் தேவையில்லை. விழுங்கிவிட்டேன்.

“குத்தம் மாட்டுமேல இல்ல. அக்காமேலயும் இல்ல. எம்மேலயாக்கும்,” என்றேன். சாக்கைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

 அக்காதான் கேட்டார். “அப்பம் எம்பொருத்தனை? ஆண்டவருகிட்ட வாக்குக் குடுத்தாச்சு சாரே. எம்மவளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?”

 பதில் சொன்னது செல்வதாஸ். கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, “நீங்க குடுத்தாச்சுல்லாக்கா. குடுக்கதுதான் உங்க பொருத்தனை. அறுக்கதும் அறுக்காததும் இனி எங்க பாடு. ஆண்டவரு கேட்டாருன்னா சாரக் கைகாட்டுங்கோ,” என்றான்.

அக்கா சிரிக்கவில்லை, ஆனால் மாட்டின் கயிறைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா வந்து பார்த்தார். எந்த நோய் என்றும் சொல்லவில்லை. “சந்தேகம் இருந்தா சாப்பாட்டுக்குக் கெடையாது,” என்றார். வெறிநோயாகவும் இருக்கலாம் என்று, வாயைத் திறந்து பார்த்த செல்வதாஸையும், தொட்ட என்னையும் ஊசிக்கு அனுப்பினார். செல்வதாஸ் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை வரலாற்றில் முதன்முறையாகப் பருப்பும் அவியலும் பப்படமுமாக அசனம் நடந்தது. சாவு விழுந்த துஷ்டி வீட்டுச் சாப்பாடு என்று சிலர் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் அனுமதி கேட்டு எழுந்தேன். வருடத்துக்கு இரண்டு தடவை வேதபாடம் வாசிக்கிற மைக்குதான். அன்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னது இவ்வளவுதான்: “எலும்புத் தூளு மாட்டுக்குக் குடுங்கன்னு ஒரு காலத்துல நான் சொன்னேன். அது தப்பு. பிறகு எனக்கே தெரிஞ்சும் நான் வந்து திருத்தல்ல. இண்ணையோட நிறுத்துங்க.”

வெளியே வரும்போது ஏழு பெண்கள் வாசலில் காத்து நின்றார்கள். ஏழு பேரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, “நான் ஆட்டுக்கும் குடுக்கேன் சாரே. ஆடு நல்லா மினுமினுன்னு இருக்கு. அதுக்கும் நிறுத்தணுமா?” என்று கேட்டாள்.

“அதுக்கும் நிறுத்தணும்.”

“மினுமினுப்பு போயிராதா?”

“போனாப் போவட்டும்.”

அந்த வாரம் ஏழு வீட்டுக்கும் போய்த் தொட்டியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாடு திங்கட்கிழமை காலையில் செத்தது. டாக்டரம்மா மாட்டின் தலையிலிருந்து சோதனைக்கு வேண்டியதை எடுத்து ஐஸ் பெட்டியில் அடைத்தார். மீதியை அக்காவின் நிலத்திலேயே ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ராஜமணியும் மண்வெட்டியோடு வந்தார். அவரிடம் அந்தக் குணம் உண்டு. ஜீப்பில் ஏற்றிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “மூளைக்கு வந்த யோகத்தப் பாரும். ஜீப்பிலயில்லா போவுது,” என்றார்.

சோதனை முடிவு வர மாதங்கள் ஆயின. கிறுக்கு மாட்டு நோய் இல்லை. வெறிநோயும் இல்லை. பின்னே என்ன என்று அவர்கள் எழுதவில்லை.

ராஜமணி காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார். “அப்பம் தின்னிருக்கலாம்.”

“தின்னிருக்கலாம்,” என்றேன்.

“சங்கடமா இல்லியா வேய் உமக்கு?”

“இல்ல.”

உண்மையாகவே இல்லை. முடிவு வந்த பிறகு யாரும் சரியாகச் சொல்லலாம். நமக்குச் சம்பளம் தருவது முடிவு தெரியாத அந்தச் சனிக்கிழமைக்காக. அன்று காலையில் நாம் அறிந்தது என்ன, அதை வைத்துச் சொன்னது சரியா என்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் உங்களைப் பார்த்துச் சிரித்தால், எல்லோரும் உயிரோடு இருந்து சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சங்கடம் தந்தது அந்த மாடு இல்லை, மடக்கிக் காட்டிய கைதான். நாம் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு வருவதை அவர்கள் ஒரு நாளும் முடக்காமல் செய்கிறார்கள். நமக்கு மட்டும் மறந்துபோகிறது.

அடுத்த வருடம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தங்கநேசம் அக்கா ஓர் ஏத்தன் வாழைக்குலை கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேர் தூக்க வேண்டிய குலை. மகளும் வந்திருந்தாள், பிள்ளை குலைக்குப் பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. நான் கேட்கும் முன்பே அக்கா சொன்னார்.

“சாக்குல மிச்சம் கெடந்த தூளெல்லாம் இந்த வாழைக்காக்கும் போட்டேன் சாரே. அது கொள்ளாமா?”

“கொள்ளாம்க்கா. வாழைக்கு நல்லதுதான். மாடு நக்காத எடத்துல சாக்க வச்சாப் போதும்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. பொறவு மாறிச்சுன்னா?”

யோசித்தேன். “மாறிச்சுன்னா நானே வீட்டுக்கு வந்து சொல்லுகேன்.”

“வரணும்,” என்றார்.

நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். எனக்கு இப்போது சுற்றறிக்கை எதுவும் வருவதில்லை. எலும்புத் தூளைப் பற்றிப் புதிதாக ஏதாவது வந்தால், உங்களில் யாராவது ஒருவர் எனக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள். கோயிலுக்கு நான் இன்னும் அந்த அக்கா வீட்டு வழியாகத்தான் போகிறேன்.